புள்ளி இல்லாத ஊர்

காலையில் பல் தேய்த்துக் காப்பி குடித்ததும் நான் செய்கிற முதல் காரியம், ஆப்பிரிக்காவில் நேற்று யார் யாரைக் கொன்றார்கள் என்று பார்ப்பது. செய்தி படிக்கும் ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சோறு போடுவது இதுதான்.

வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. கண்டம் முழுக்க நடக்கும் அரசியல் வன்முறையையும் ஆயுதச் சண்டைகளையும் ஊர்வாரியாக, நாள்வாரியாகப் பதிந்து வைப்பது அதன் தொழில். அந்தந்த நாட்டுச் செய்தித்தாள்களையும் வானொலி அறிக்கைகளையும் படித்து, ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு வரியாகச் சுருக்கி அட்டவணையில் போடுவது என் தொழில். யார் தாக்கியது, யாரைத் தாக்கியது, எந்த ஊர், எத்தனை சாவு. போட்டு முடித்ததும் வரைபடத்தில் அந்த ஊரின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். எங்கோ குளிர்ப்பிரதேசத்தில் உட்கார்ந்திருக்கும் அறிஞர்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, வன்முறை எந்தத் திசையில் நகர்கிறது என்று அறிக்கை எழுதுவார்கள். அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் படிப்பதில்லை என்பது மட்டும் மறுநாள் காலையே தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு முன்னால் சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வருவது குறைந்தபோது எதை நிறுத்தலாம் என்று நிர்வாகம் யோசித்தது. ஆங்கிலம் என்று முடிவாயிற்று. ஆங்கிலம் என்றால் நான். அந்தக் கல்லூரி நூலகத்தில் உலக வரலாற்றுப் புத்தகங்களைத் தொட்ட ஆள் நான் ஒருவன்தான். என்னைவிட அதிகமாகப் படித்தது கரையான். அப்படி ஓசியில் சேர்த்த அறிவை வைத்து இணையத்தில் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். மாடியறையில் மேசை. ஜன்னலுக்கு வெளியே, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டு மாட்டும் பட்டறை. அங்கே சோதனை ஓட்டம் விடும்போது என் மேசை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். கண்டத்தில் நடக்கும் எதற்கும் அது நடுங்கியதில்லை. நானும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தேன்.

எப்போது ஆனேன் என்று சொல்லத் தெரியவில்லை. செய்தியில் ‘பலர் இறந்தனர்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அட்டவணையில் ‘பலர்’ என்று எழுத முடியாது, எண்தான் எழுத வேண்டும். பலர் என்றால் இவ்வளவு என்று எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த விதிப்படி எண்ணைத் தட்டும்போது விரல் நின்றது. பிறகு நிற்கவில்லை. இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது ஒரே ஊரின் பெயரை மூன்று விதமாக எழுதும் நிருபர்கள் மேல்தான். எரிந்துபோன ஊர் அதுதானா, பக்கத்து ஊரா என்று தேடுவதற்குள் தயிர்சோறு காய்ந்துவிடுகிறது.

இதை எங்கள் அமைப்பும் அறியும். மாதத்துக்கு ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவர் திரையில் வருவார். அவருக்குப் பின்னால் ஒரு அருவிப் படம். ‘இந்த வாரம் எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று கேட்பார். ‘நன்றாக இருக்கிறேன்’ என்பேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தேன். அதைச் சொன்னால் அவர் முகம் இன்னும் கவலையாகிவிடும்.

எங்கள் பேருந்து நிலையத்துக்கு முன்னால் ஒரு நாள் காலிக்குடங்களோடு பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்துக்குள் இருந்த நான், என்னை அறியாமலேயே, ‘போராட்டம், அமைதியானது, தலையீடு இல்லை’ என்று மனசுக்குள் வகைப்படுத்திவிட்டேன். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தாள் என்பது சாயங்காலம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. “கண்ணுக்கு நேரா பாத்துட்டு அப்பிடியே போறீங்க. நானென்ன ஆப்பிரிக்காவுலயா இருக்கறேன், கவனிக்காம போறதுக்கு?” என்றாள். அங்கே இருந்திருந்தால் கவனித்திருப்பேன்.

ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை வேறு மாதிரி. எங்கள் பக்கத்து ஆட்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போகாத மாநிலம் இல்லை. கப்பலில் வண்டியை ஏற்றிவிட்டு ஆப்பிரிக்காவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்த நாடு என்று கேட்டால் “ஆப்பிரிக்காங்க” என்பார்கள், ஈரோடு என்பதுபோல. நான் அந்தக் கண்டத்தைத் தினமும் ‘பார்க்கிறவன்’ என்பது எப்படியோ பரவிவிட்டது. பார்க்கிறவன் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆள் இருக்கிறார், ஜாதகம் பார்க்கிற ஆள் இருக்கிறார், இப்போது ஆப்பிரிக்கா பார்க்கிற ஆளும் ஒருவர். காலை வேளையில் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏனுங் சார், என்ற பையன் இந்த ஊருக்குப் போறானுங்க, நல்லா இருக்குமுங்களா?” என்று கேட்பார்கள். நடந்ததைத்தான் சொல்வேன், நடக்கப்போவதைச் சொல்ல மாட்டேன் என்பேன். அது என் தன்னடக்கம் என்று நினைத்து வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கை வீட்டுக்காரர் விடுமுறையில் வந்தார். மாப்பிள்ளை டிரில்லர், ரிக் வண்டியின் பின்னால் நின்று, குழிக்குள் துளையிடும் இரும்பு ராடை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், உள்ளே வெகுதூரம் தள்ளி இருக்கும் மாவட்டமொன்றில், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனியில் இருந்தார். நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்டின் வடக்கு எல்லையில் புள்ளிகள் அடர்ந்து, அம்மைபோட்ட முகம்மாதிரி இருக்கும். அது வேறொரு பதிவாளரின் பொறுப்பு. ஆனாலும் வரைபடம் எல்லோருக்கும் பொதுதான்.

திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது தங்கை மாடியேறி வந்தாள். என் அறைக்குள் அவள் வருவது அபூர்வம். திரையில் ஏதாவது படம் தெரிந்துவிடுமோ என்று பயம்.

“அண்ணா, அவரு போக வேண்டாமுன்னு நீங்க சொல்லிப்போடுங்க.”

“நான் எதுக்கு கண்ணு சொல்லணும்? நீ சொல்லு.”

“நாஞ் சொன்னா பொம்பள பயப்படறான்னு ஆயிருது. நீங்க சொன்னா சம்பளம் வாங்கீட்டுச் சொல்றதுல்ல? கேப்பாருங்க.”

கோயிலில் பூக் கேட்டுப் பார்த்தாயிற்று என்றாள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போகலாம். வெள்ளைதான் வந்தது.

“அப்புறமென்ன? சாமியே சொல்லியாச்சே.”

“சாமிக்கு அந்தூரு தெரியுமாங்ணா?” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. சாமியின் எல்லை காவிரிக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான் என்பது அவள் கணக்கு. தெய்வத்தின் தீர்ப்பின்மேல் என்னிடம் மேல்முறையீடு வந்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உச்சபட்சப் பதவி அதுதான்.

அவள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்திலேயே மாப்பிள்ளையும் வந்தார். கதவோரம் நின்றபடியே, “மச்சான், அவ வந்துட்டுப் போனாளாட்ட இருக்குது” என்றார்.

“ஆமாங்க மாப்ள. உக்காருங்க.”

“நம்ம ஏரியாவுல ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இங்க நின்னா என்ன பண்றதுங்க? ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வருது. அங்க பாருங்க, ஒரு வெரல்கடை போனா தண்ணி.”

“நீங்க பயப்படலீங்களா?”

“அட போங்க மச்சான். ராத்திரி நாய் கூட கொலைக்காதுங்க அங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்து. தங்கை வீடு ஒரு தெரு தள்ளி. மடிக்கணினியோடு வரச்சொல்லி இரண்டு கட்சியும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கறிக்குழம்பு கொதிக்கிற வாசனைக்கு நடுவே சாப்பாட்டு மேசையில் நான் வரைபடத்தைத் திறந்தேன். கண்டம் முழுக்கச் சிவப்பு. கையில் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்த தங்கை, “அய்யோ சாமி” என்றாள்.

அது பல வருடத்துப் புள்ளிகள், எல்லாம் சாவு இல்லை, ஊர்வலம் போனால்கூடப் புள்ளிதான் என்று விளக்கினேன். விளக்கும்போது என் குரல் எனக்கே பழைய வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தடவித் தன் ஊரைத் தேடிப்பிடித்தார். ஆற்று வளைவு ஒன்று, அதற்குக் கீழே வெறும் பழுப்பு நிறம்.

“இங்கதானுங்க நாங்க இருக்கறது. பாத்துக்குங்க. ஒரு புள்ளி இருக்குதா? இந்தப்பக்கம்? அந்தப்பக்கம்? ஏ, இங்க வந்து பாரு! உங்கண்ணன் கம்பெனியே சொல்லுது.”

தங்கை என்னைப் பார்த்தாள். புள்ளி இல்லை என்பது உண்மை. அங்கே நிருபர் யாரும் இல்லை, செய்தித்தாள் இல்லை, மழைக்காலத்தில் சாலையும் இல்லை என்பதும் உண்மை. ஒன்றும் நடக்காத ஊருக்கும் புள்ளி விழாது, நடந்ததைச் சொல்ல ஆளில்லாத ஊருக்கும் விழாது. இரண்டும் திரையில் ஒரே பழுப்புதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் அவர் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது ஊரே திரண்டு வந்து கைதட்டுமாம். கிழவிகள் ஆடுவார்களாம். ஒரு அம்மா இவருக்கென்று தனியாக வாழைக்காய் பொரித்துக் கொண்டுவருவாளாம். நான் அந்தக் கண்டத்தின் சந்தைகளை எல்லாம் அறிவேன், குண்டு வெடித்த சந்தைகளாக. வாழைக்காய் பொரிக்கும் அம்மாள் என் அட்டவணையில் வந்ததில்லை. வந்திருந்தால், அது அவளுக்கு நல்லதில்லை.

“இன்னொண்ணு கேளுங்க மச்சான், சிரிப்பா இருக்கும்” என்றார், கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டே. “ஒருநாள் போர் ஓடீட்டு இருக்குது. பாதிக் குழி. பைக்குல நாலஞ்சு பேரு வந்து நின்னானுங்க. தோள்ல துப்பாக்கி. நிறுத்துங்கறான், கெளம்புங்கறான். எங்க ஹெல்பர் பசங்க ரெண்டு பேரும் கம்ப்ரசருக்கு அடியில பூந்துட்டானுங்க. நான் ராடைக் காட்டறேன், குழியக் காட்டறேன், காத்த நிறுத்துனா மண்ணு சரிஞ்சு ராடு புடிச்சுக்கும்னு கையாலயே சொல்றேன். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ. அங்கயே மரத்தடியில உக்காந்துட்டானுங்க. நான் பாட்டுக்கு ஓட்டீட்டே இருக்கறேன். சித்த நேரத்துல தண்ணி பொங்குச்சு பாருங்க! துப்பாக்கியக் கீழ வெச்சுப்போட்டு அவனுகளே வந்து தலையக் காட்டி நனைஞ்சுட்டு, எனக்குக் கைகுடுத்துட்டுப் போறானுங்க!”

அவர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். சொன்ன விதம் அப்படி.

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் ஏதோ நுண்ணுணர்வு உள்ளவன் என்று தோன்றும். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

“என்னிக்குங்க மாப்ள அது?”

“என்னிக்குங்களா... மழைக்கு முன்னால.”

“சீருடை இருந்துச்சா, சாதா உடுப்பா?”

“ஒருத்தன் மட்டும் பச்சைச் சட்டை.”

“நாலு பேரா, அஞ்சா?”

“எண்ணவாங்க முடியும்? பல பேரு.”

“யாரையாச்சும் மெரட்டுனாங்களா? துப்பாக்கிய உங்க பக்கம் நீட்டுனாங்களா, இல்ல தோள்லயேதான் இருந்துச்சா?”

“மொதல்ல நீட்டுனான்... நெத்திக்கு நேரா. அப்புறம் எறக்கீட்டான்.”

இதை அவர் கதையில் சேர்க்கவில்லை. நான் கேட்டதால் வந்தது. சிரிப்புக் கதை ஒன்று என் கேள்விகளில் சுருங்கிச் சுருங்கி, மேசையின் நடுவே, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், ஒரு சம்பவமாக உட்கார்ந்துவிட்டது. ஆயுதமேந்திய அடையாளம் தெரியாத குழு. பொதுமக்கள். உயிரிழப்பு இல்லை. செய்தி வராததால் நான் அதைப் பதியவும் முடியாது.

தங்கை பரிமாறுவதை நிறுத்தியிருந்தாள். அவள் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அவனுங்க போகச் சொன்னப்ப ஏனுங்க மாமா போகல?”

“அதான் சொன்னனே. ராடு உள்ள இருக்குதில்ல?”

“இருந்தா?”

“இருந்தாவா? பாதிக் குழியில ராடை உட்டுட்டு எவனாச்சும் வருவானா? மூஞ்சில முழிப்பாங்களா ஊருக்குள்ள?”

அவர் நியாயம் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்து ரிக் ஆட்களுக்கு அது அப்படித்தான். குழி தோற்கலாம், தண்ணீர் வராமல் போகலாம், அதில் குற்றமில்லை. ராடையும் அதன் நுனியில் பாறை உடைக்கும் ஹாமரையும் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தவனை மட்டும் வருடக்கணக்கில் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நெற்றிக்கு நேரே துப்பாக்கி இருந்தபோது மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது திருச்செங்கோட்டு டீக்கடை.

அந்த நிமிடத்தில் என் வரைபடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று. அந்த ஊர் ஆபத்தா இல்லையா என்பது அல்ல, போ என்றால் இந்த ஆள் போவாரா என்பதுதான் கேள்வி. என் தங்கைக்கு அது என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஆளோடு குடித்தனம் நடத்துபவள் அவள்.

“போங்க, வேண்டாங்கல” என்றாள். “ஆனா ஆரு வந்து கெளம்புன்னாலும் கெளம்பணும். ராடு போனாப் போகுது. சாமி முன்னால சூடம் கொளுத்தி அணைச்சுச் சொல்லுங்க.”

“அடி, கம்பெனிச் சாமானம்டி அது...”

“சொல்லுங்க.”

அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்காரர்களுக்குக் கையாலேயே விளக்கம் சொன்ன மனிதருக்கு இப்போது கை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தது. “மச்சான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களே” என்றார்.

“சத்தியம் பண்ணுங்க மாப்ள” என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து பண்ணினார். சூடத்தை அணைக்கும்போது அவர் முகம், நல்ல ராடு ஒன்றை ஏற்கெனவே இழந்துவிட்டவர் முகமாக இருந்தது.

அவர் போன பிறகு நான் மேலதிகாரியிடம் அந்த நாட்டை எனக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். காரணம் கேட்டார். அந்நாட்டின் பேரில் எனக்கு ஆர்வம் என்றேன். கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் காலை இப்படி ஆயிற்று: காப்பி, ஆற்று வளைவு, பழுப்பு நிறம். தங்கை கூப்பிடுவாள். “ஏதாச்சும் உண்டுங்களா?” “இல்ல கண்ணு.” “சரிங்ணா.” இல்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் அவளிடம் சொல்லவேயில்லை. அவளும் கேட்கவில்லை. எல்லையிலிருந்து புள்ளிகள் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் நான்தான் வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஆற்றுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில். பயந்தேனா என்று கேட்டால், தூரத்தை அளந்துகொண்டிருந்தேன். அளக்கிற வேலை இருந்தால் பயப்படுகிற வேலைக்கு நேரம் இருப்பதில்லை.

பிறகு ஒரு நாள், எங்கோ தலைநகரத்து வானொலி ஒன்றின் அறிக்கையில், நாலைந்து ஊர்ப்பெயர்களுக்கு நடுவே அந்த ஊரும் வந்தது. ஆயுதமேந்தியவர்கள் நுழைந்தார்கள், கடைகளை எரித்தார்கள், மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். இறந்தவர்கள் பற்றித் தகவல் இல்லை. நான் ஊர்ப்பெயரைச் சரிபார்த்தேன். வகையைத் தேர்ந்தெடுத்தேன். தகவல் இல்லை என்றால் சாவு இடத்தில் சுழி போட வேண்டும் என்பது விதி. போட்டேன். சமர்ப்பித்தேன். ஆற்று வளைவின் கீழே புள்ளி விழுந்தது. இதையெல்லாம் முடித்த பிறகுதான் கைபேசியை எடுத்தேன். இந்த வரிசையை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அவர் எடுக்கவில்லை. அன்று முழுவதும் எடுக்கவில்லை. மத்தியானம் தங்கை வந்து என் அறையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லவில்லை, காலையில் கூப்பிட்டபோது என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பட்டறையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரே ஒரு முறை பேசினாள்.

“போர் ஓடீட்டு இருந்திருக்குமாங்ணா அப்ப?”

தெரியாது என்றேன். கேட்டது ஊரைப் பற்றி இல்லை, குழியைப் பற்றி. குழி ஓடாத நேரமாக இருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் முற்பகலில் மாப்பிள்ளை வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டார். எல்லை தாண்டி, பக்கத்து நாட்டு ஊர் ஒன்றிலிருந்து. அன்றும் என் அறையில் உட்கார்ந்திருந்த தங்கை கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“மாமா? மாமா, நல்லா இருக்கறீங்களா?”

“இருக்கறேன். ராடை உட்டுட்டு வந்துட்டேன்” என்றார்.

அவள் அப்போதுதான் அழுதாள். கைபேசியில் அவர் அழுவதும் கேட்டது, அது அதற்கு முந்தியா பிந்தியா என்பது எனக்குத் தெளிவில்லை.

இப்போது அவர் ஊரில்தான் இருக்கிறார். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை. டீக்கடையில் எதிர்பார்த்ததுபோலவே நடந்தது. “ஏப்பா, ஆப்பிரிக்காவுல ராடு நட்டுட்டு வந்தியாமா, மொளைச்சுதா?” என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். தங்கை சந்தோஷமாக இருக்கிறாள். காலையில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்த நாடு அவளுக்கு முடிந்துபோயிற்று.

அவருக்கு முடியவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் மாடியேறி வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்று, ஆற்று வளைவைப் பெரிதாக்கச் சொல்கிறார். நான் வைத்த புள்ளியைப் பார்க்கிறார். அதற்குப் பக்கத்தில், எங்கே என்று அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு இடத்தில், குழி இருக்கிறது.

நேற்று கேட்டார்: “சனங்க திரும்பி வந்திருப்பாங்களா மச்சான்?”

“சொல்ல முடியாதுங்க மாப்ள. திரும்பி வந்ததை யாரும் எழுத மாட்டாங்க.”

“வேற எவனாச்சும் ரிக்கைக் கொண்டாந்து, பக்கத்துல இன்னொரு பாயிண்ட் பாத்துக் குழி போட்டு, தண்ணி எடுத்திருந்தா? அது வருமாங்க இதுல?”

“தண்ணி வந்தா இதுல வராது. அந்தத் தண்ணிக்குச் சண்டை வந்தாத்தான் வரும்.”

யோசித்தார். பட்டறையில் யாரோ இரும்பை இரும்பால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சரிங்க மச்சான். சண்டை வந்தாச் சொல்லுங்க” என்றார்.

சொல்கிறேன் என்றேன். படியிறங்கிப் போனார். நான் அடுத்த செய்தியைத் திறந்தேன்.